ஆறாம் வினாவின் பதின்மூன்று மதிப்பெண்

அனுப்புநர்
கூட்டல் சரிபார்ப்பு உதவியாளர்,
மூன்றாம் மேசை, தேர்வுப் பிரிவு,
பல்கலைக்கழகம்.

பெறுநர்
தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்கள்,
தேர்வுப் பிரிவு, இரண்டாம் தளம்,
பல்கலைக்கழகம்.

பொருள்: மாலைநேர முதுகலைத் தத்துவத் தாள் ஒன்றில் 13 மதிப்பெண் கூட்டலில் விடுபட்டது – விட்டவர் மீது புகார் – விட்டவர் நானே – தொடர்பாக.

பார்வை: மாலைநேரத் தத்துவ வகுப்பை மூடக் கோரி நான் சென்ற மாதம் அளித்த மனு.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. திருத்தி வரும் விடைத்தாள்களில் சிவப்பு மையில் உள்ள மதிப்பெண்களைக் கூட்டி மேலட்டையில் மொத்தம் எழுதுவது என் வேலை. தாளில் பெயர் இராது, எண் மட்டுமே. விடையைப் படிக்கக் கூடாது என்பது விதி. பதினான்கு ஆண்டுகளில் நேற்றுவரை நான் ஒரு வரிகூடப் படித்ததில்லை.

2. என் மனைவி பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். இரண்டு ஆண்டுகளாக மேற்படி வகுப்பில் படிக்கிறாள். இதனால் பதவி உயர்வு உண்டா என்று விசாரித்தேன், இல்லை. பின் எதற்கு என்று கேட்டதற்கு, "பிரயோஜனமில்லாத ஒண்ணு எனக்குன்னு இருந்துட்டுப் போகட்டுமேங்க" என்றாள்.

3. அவ்வகுப்பின் பேராசிரியருக்கு எங்கள் வீட்டில் 'சந்தேகம் சார்' என்று பெயர். சாப்பிட உட்கார்ந்தால் சந்தேகம் சார் சொன்னது, துணி மடித்தால் சந்தேகம் சார் கேட்டது. அவருக்கு அறுபதுக்கு மேல் வயது, காதில் கருவி. இருந்தும் எனக்குப் பொறாமை. சென்ற மாதம் மழை நாளொன்றில் அவள் மறந்துபோன குடையைக் கொடுக்க வகுப்பறைவரை போனேன். அவள் எழுந்து நின்று ஏதோ சொன்னாள். வகுப்பே சிரித்தது. அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மணமாகிப் பதினோரு ஆண்டுகளில் அவள் என்னை அப்படிச் சிரிக்க வைத்ததில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு நான் நனையாமல் வீடு திரும்பினேன், அவள் நனைந்து வந்தாள். மறுநாள்தான் பார்வையில் கண்ட மனுவை எழுதினேன். அதில் மின்சாரம் வீணாவதாகக் காரணம் காட்டியிருந்தேன். மின்சாரத்தைப் பற்றி எனக்கு எந்தக் கவலையும் கிடையாது.

4. நேற்று என் மேசைக்கு வந்த விடைத்தாள் கட்டுக்குள் அவள் தாள் இருந்தது. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் பால், மாத்திரை என்று தினமும் குறித்து வைக்கும் கையெழுத்து எனக்குத் தெரியாமல் போகுமா? ஆறாம் வினாவுக்குப் பதினைந்துக்குப் பதின்மூன்று. பக்கத்திலேயே 'அருமை' என்று எழுதி இரண்டு கோடு. யாரோ முகம் தெரியாதவர் என் மனைவியை அருமை என்கிறார். அந்தப் பதின்மூன்றை விட்டுவிட்டுக் கூட்டினேன். அறுபது வர வேண்டிய இடத்தில் நாற்பத்தேழு என்று எழுதினேன். தேர்ச்சிக்கு ஐம்பது வேண்டும் என்பது தாங்கள் அறிந்ததே. தோற்றால் வகுப்புக்குப் போக மாட்டாள் என்று கணக்குப் போட்டேன்.

5. எழுதி முடித்த பிறகே, அப்படி என்னதான் அருமை என்று படித்தேன். 'பிறர் மனத்தை நம்மால் அறிய முடியுமா?' என்பது வினா. அவள் எழுதியிருந்தது: 'என் கணவர் காலையில் கிளம்பும்போது வெளியிலிருந்து கதவை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். திருட்டுப் பயம் என்று நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் திருட ஒன்றுமில்லை. உள்ளே நான்தான் இருக்கிறேன். எனக்காகப் பயப்படுகிறாரா, என்னை நினைத்தே பயப்படுகிறாரா? கதவுக்கு இந்தப் பக்கம் நின்று தினமும் யோசிக்கிறேன். இதை அறிய ஒரே வழி'

அத்துடன் விடை நிற்கிறது. நேரம் முடிந்து தாளை வாங்கியிருப்பார்கள். கீழே சிவப்பு மையில் 'முடிக்கவில்லை' என்றிருக்கிறது. குறைந்த இரண்டு மதிப்பெண் அதற்குத்தான்.

6. நான் அப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோது, கட்டு எடுக்கும் ஊழியர் வந்து, "என்னண்ணே, உட்கார்ந்தே தூங்கிட்டீங்களா?" என்று தாளை வாங்கிக் கட்டுக்குள் வைத்து முத்திரையிட்டுக் கொண்டுபோய்விட்டார். நான் தடுக்கவில்லை. இனி அதைப் பிரிக்கத் தங்கள் கையொப்பம் தேவை.

7. கதவை மூன்று முறை இழுப்பது எனக்கே தெரியாது. இன்று காலை எண்ணிப் பார்த்தேன், மூன்றுதான். இதை அவள் எனக்கு முன் ஓர் அந்நியரிடம் சொல்லிவிட்டாளே என்ற ஆற்றாமை இன்னும் தீரவில்லை. இப்படி ஒரு கேள்வியை அவளிடம் நான் ஒருநாளும் கேட்டதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆகவே, வெள்ளிக்கிழமை முடிவு வெளியாகும் முன் கட்டைப் பிரித்துப் பதின்மூன்றைச் சேர்த்து, என் மீது விதிப்படி நடவடிக்கை எடுக்கவும், பார்வையில் கண்ட மனுவைக் கிழித்துப் போடவும் வேண்டுகிறேன். வியாழன் பிற்பகல் அரைநாள் விடுப்பும் வேண்டும். பணிநீக்கமே செய்வதானால் விடுப்புக்குத் தேவை இராது; இருந்தாலும் விண்ணப்பத்தை முறைப்படி இணைத்திருக்கிறேன். அன்று அவளுக்கு வகுப்பு இல்லை. நான் செய்ததை என் வாயாலேயே அவளிடம் சொல்ல வேண்டும். அதன் பிறகும் அவள் என்னோடு பேசினால், அந்த மீதி வரியை சந்தேகம் சார் கேட்பதற்கு முன் நான் கேட்டுவிட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப் பணிபுரியும்
(கையொப்பம்)
கூட்டல் சரிபார்ப்பு உதவியாளர்

இடம்: மூன்றாம் மேசை
நாள்: செவ்வாய்க்கிழமை, காலை 9.40

இணைப்பு: அரைநாள் விடுப்பு விண்ணப்பம் – 1