உன் பேரில் நூறு குழிகள்

என் பிரியமான அக்கா,

வருகிற புதன்கிழமையோடு நீ இல்லாமல் ஒரு வருடம் ஆகிறது. அன்றைக்கு, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நம் முள்ளுக் கரட்டு மேட்டில் உன் பேரில் நூறு மரக்கன்று நடப்போகிறார் அப்பா. வேம்பும் புங்கனும் வந்து கிணற்றடியில் நிற்கின்றன. போன மாதம் அவர் கேட்டபோது "சரிங்கப்பா" என்று தலையாட்டியவள் நான்தான். நீ போன பிறகு அவர் முகம் தெளிந்து நான் பார்த்தது அன்றுதான். எப்படி மறுப்பேன்?

ஆனால் அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்தக் கரட்டில் எந்தச் சூரைப் புதரில் முயல் ஒண்டும், எந்த ஆவாரை முதலில் பூக்கும் என்பதெல்லாம் உனக்கு மனப்பாடம். மேட்டூர்ப் பக்கம் இறங்கிவிட்டு மழை நம்மைத் தாண்டிப் போகும் ஊர் இது. இலையை உதிர்த்துச் செத்ததுபோல் நிற்கும் கிளுவை, ஒரே மழையில் துளிர்ப்பதை எனக்குக் காட்டியவள் நீ. மரங்கள் நிழல் கட்டினால் அடியில் புல் போய்விடும். புல் போனால் கவுதாரி எங்கே போகும்?

இன்று காலை குழி தோண்ட ஜேசிபி வந்தது. வழிகாட்ட முன்னால் நடந்த நான் சட்டென்று நின்றேன். சரளைக்கல் நடுவே ஒரு பக்கிக்குருவி, கல்லோடு கல்லாக, முட்டைமேல் படுத்திருந்தது. இரண்டு கைகளையும் விரித்து வண்டியை மறித்தேன். நீயா என்று கேட்பாய். நானேதான்.

டிரைவர் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, கல்லுக்கா காவல் நிக்கறீங்க?"

"அந்தக் கல்லு மூச்சு உடுது, பாருங்க."

குனிந்து பார்த்தவர் சிரித்துவிட்டு எஞ்சினை அணைத்தார்.

சத்தம் நின்றதும் அப்பா வந்தார். "இந்த முள்ளுக்குள்ள என்ன இருக்குது சாமி? மரம் நின்னாத்தான அவ பேரு நிக்கும்?"

"அக்காளுக்குப் புடிச்சதே இந்த முள்ளுதானுங்கப்பா."

அவர் அந்த முட்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு, "அப்ப அவளுக்கு நான் என்னதான் செய்யறது?" என்றார்.

நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய், அக்கா? ஒன்றும் செய்யாமல் விடுவதும் ஒரு காரியம்தான் என்று மகளை இழந்தவரிடம் எப்படிச் சொல்வது? இன்றைக்கு மட்டும் அப்பா வண்டியைத் திருப்பி அனுப்பினார், அவ்வளவுதான்.

நாளை விடிந்ததும் அவரைக் கரட்டுக்குக் கூட்டிப் போய், நீ நடந்த தடத்திலேயே நடத்திக் காட்டுகிறேன். கன்றுகளை நம் தோட்டத்து வரப்போரமாக நட்டு நானே தண்ணீர் ஊற்றுகிறேன். அப்பா அழுதால் கூடவே உட்கார்ந்து அழுவேன். கரட்டில் ஒரு குழிக்கும் சம்மதிக்கமாட்டேன்.

உனக்கு அடுத்துப் பிறந்தவள்,
உன் தங்கை