இடப்பக்கத்துப் பேட்டரி

மார்ச் 9, 2011, புதன்

காலை முழுக்க மழை. மனைவி வில்மாவைப் பல் மருத்துவரிடம் அழைத்துப்போய் வந்தேன். மதியம் பழைய கார்ச் சங்கத்தின் கெஸ்ட்ரல் பதிவேட்டில் இரண்டு முகவரிகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது தொலைபேசி. டார்லா ஸ்டக்கி. என்னிடம் ஜியோமெட்ரி படித்தவள், கடைசி வரிசை. ஆரின் ஸ்டக்கியின் மகள்.

“அப்பா நவம்பர்ல போயிட்டார் சார். அவரோட காரை நீங்க இன்னொரு தடவை பாக்கணும்.”

பதினேழு வருஷம் கழித்து எதற்கு? கேட்கவில்லை. பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். எனக்கு மறுக்கத் தெரியாது.

மார்ச் 10

தூக்கம் சரியில்லை. நடந்ததை வரிசையாக எழுதிப் பார்த்தால் மனம் அடங்கும்.

1968 வசந்தத்தில் சில மாதங்கள் மட்டும், போலீஸ் வண்டிகளுக்கு என்று இருந்த பெரிய என்ஜினைச் சின்ன கெஸ்ட்ரல் காரில் பொருத்தித் தொழிற்சாலையே விற்றது. எத்தனை என்று யாருக்கும் தெரியாது. காகிதங்கள் மிஞ்சவில்லை. பிறகு சாதாரண கெஸ்ட்ரலில் பெரிய என்ஜினை ஏற்றி, இதுவும் தொழிற்சாலையில் செய்ததுதான் என்று விற்கக் கிளம்பினார்கள். அசல் எது, போலி எது என்று பிரிக்க 1986-இல் ஒரு கையேடு எழுதினேன். நாற்பத்தெட்டுப் பக்கம். இன்றுவரை சங்கத்துக்கு அதுதான் அளவுகோல். பதிவேட்டில் பதினொரு கார்கள். ஒன்று என்னுடையது.

கையேட்டின் ஒன்பதாம் பக்கம்: பெரிய என்ஜினின் சூடான புகைக்குழாய் இடப்பக்கத்தை அடைத்துக்கொள்வதால் தொழிற்சாலை பேட்டரியை வலப்பக்கம் மாற்றியது.

ஆரினின் காரில் பேட்டரி இடப்பக்கம் இருந்தது. சூடு தாக்காமல் புகைக்குழாய்க்கும் பேட்டரிக்கும் நடுவில் கோணலாக வெட்டிய ஒரு தகரம். 1994-இல் சங்கத்துக்குத் தந்த அறிக்கையில் எழுதினேன்: “தொழிற்சாலை வேலை அல்ல. வீட்டில் செய்தது.” போலியைக் காட்சிக்கு வைத்தார் என்று சங்கம் அவரை நீக்கியது. அவர் அன்று காட்சித் திடலில் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று: “இத லாரிலேர்ந்து எறக்கும்போது நான் பக்கத்துல நின்னேன்யா.” அப்படித்தான் எல்லாரும் சொல்வார்கள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

மார்ச் 12, சனி

மெர்ல் கூன்ஸ் வந்தான். சங்கத்தின் துணைத் தலைவன், முப்பது வருஷ நண்பன், பழைய கெஸ்ட்ரல்களுக்குப் புது உதிரிபாகம் செய்து விற்பவன்.

“வாத்தியாரே, அந்தப் பொண்ணு விக்கப் பாக்குது. அசல்னு நீ ஒரு வரி எழுதினா விலை ஆறு மடங்கு. அம்மி கொத்துற மாதிரி கொத்திப் பாரு, எங்கயாவது புதுசா ஒட்டு வெச்சிருப்பாங்க.”

அவன் சொல்வது நியாயம்தான். அவன் ஏன் இவ்வளவு வேகமாக வந்தான் என்பதும் யோசிக்க வேண்டியது.

மார்ச் 19, சனி

ஸ்டக்கி வீட்டுக் கொட்டகையில் ஐந்து மணி நேரம். டார்லா காபி கொண்டு வந்தாள், ருபார்ப் பை என்ற இனிப்பு ஒரு துண்டு. சாப்பிட்டால் கடன்பட்டவன் ஆவேனோ என்று அந்தத் துண்டைத் தொடவில்லை. கவனித்துவிட்டாள்.

“விஷம் வெக்கல சார். ஜியோமெட்ரில நீங்க எனக்கு சி போட்டதெல்லாம் மறந்தாச்சு.”

கார் 1994-இல் பார்த்தபடியே இருக்கிறது. அதுதான் உறுத்துகிறது. யாரும் தொடாத கார் என்று ஒன்று உண்டா? உப்புத் தண்ணீர் தெளித்து வெயிலில் வைத்தால் புதுத் திருகாணியும் சில வாரத்தில் கிழடாகிவிடும். கண்ணாடி போட்டு ஒவ்வொரு திருகாணியாகப் பார்த்தேன். துரு ஆழத்திலிருந்து வந்த துரு. தகரத்தின் பின்பக்கம் தொழிற்சாலையில் போடுவது போல மெழுகுப் பென்சிலில் ஒரு எண், பாதி அழிந்தது. அதை யார் வேண்டுமானாலும் எழுதலாம்.

“விக்கப் போறியா?” என்று கேட்டுவிட்டேன். கேட்ட விதம் எனக்கே பிடிக்கவில்லை.

“இல்ல.”

“பின்னே?”

“கடைசி மாசம் அவருக்கு நெனவு தப்பிடுச்சு. ஆஸ்பத்திரில நர்ஸ்கிட்டல்லாம் சொல்லிட்டிருந்தார், நான் ஏமாத்துக்காரன் இல்லம்மான்னு. ஊசி போட வந்தவங்ககிட்டகூட. அதான் சார். அந்த வார்த்தைய நீங்க திருப்பி எடுத்துக்கணும். இல்ல, ஏன் முடியாதுன்னு எனக்குக் காட்டணும்.”

அளவுகளைக் குறித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 20

நர்ஸ் கதை உண்மையா? இப்படி எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

மார்ச் 26, சனி

டார்லா தபாலில் ஒரு புகைப்படம் அனுப்பியிருக்கிறாள். கார் விற்கும் கடை முற்றம். இளவயது ஆரின், பானெட் திறந்த கார். பேட்டரி இடப்பக்கம். பின்னால் தேதி, ஜூன் 1968.

இடவலமாகப் புரட்டி அச்சிட்டிருக்கலாம் என்றுதான் முதலில் தோன்றியது. உருப்பெருக்கியில் பார்த்தேன். கடைப் பலகையின் எழுத்து நேராக இருக்கிறது. சரி, தேதியைப் பிறகு எழுதியிருக்கலாம். படத்தாளின் ஓரத்தில் கழுவிய ஆண்டே அச்சாகியிருக்கிறது, 68. சரி, அது வேறு காராக இருக்கலாம். தகரத்தின் கோணல் வெட்டும் அதேதான்.

ஒரு சந்தேகம் தீர்ந்தால் அடுத்ததைத் தேடிப் போகிறேன். இது கவனமா, பயமா?

வில்மா தோளுக்குப் பின்னால் நின்று படத்தைப் பார்த்தாள். “நீங்க அந்தப் பொண்ணோட காரைச் சோதிக்கிறீங்களா, உங்க புத்தகத்துக்குக் காவல் நிக்கிறீங்களா?” கேட்டுவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

மார்ச் 29

பேட்டரி வலப்பக்கம் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

1986-இல் நான் பார்த்தவை நான்கு கார்கள், என்னுடையதையும் சேர்த்து. நான்கிலும் வலப்பக்கம். மீதி ஏழும் பதிவேட்டில் சேர்ந்தது அதற்குப் பிறகு. அவற்றைப் புதுப்பித்தவர்கள் எதைப் பார்த்துப் புதுப்பித்தார்கள்? என் கையேட்டை. பேட்டரியைத் தாங்கும் அவற்றின் வலப்பக்கத் தட்டுகள் எங்கே வாங்கியவை? மெர்லிடம்.

ஆக ஏழு சாட்சிகளும் என் குரலில் பேசியவர்கள். மாணவன் தேற்றத்தை நிறுவ அதே தேற்றத்தை எடுத்துக்கொண்டால் சிவப்பு மையில் சுழிப்பேன். எத்தனை தாள்களில் சுழித்திருப்பேன்.

ஏப்ரல் 4, திங்கள்

எங்கள் வீட்டுக் கொட்டகையில் என் காரைச் சோதிக்க எடுத்தேன். 1979-இல் வாங்கியது. பேட்டரித் தட்டை இதுவரை கழற்றியதில்லை. அசலைக் கழற்றக் கூடாது என்று நானே கையேட்டில் எழுதியிருக்கிறேன்.

யோசித்தது இதுதான். தொழிற்சாலையில் முதலில் பற்றவைப்பு, பிறகுதான் பெயின்ட். தட்டு அங்கே வைத்ததென்றால் அதன் அடியில் பெயின்ட் இருக்க வழியில்லை. வெறும் இரும்பு இருக்க வேண்டும்.

பற்றவைத்த நான்கு புள்ளிகளையும் துளைத்துத் தட்டைப் பெயர்த்தேன். இரண்டு முறை நிறுத்தினேன்.

அடியில் நீலம். நாற்பத்து மூன்று வருஷமாக வெயில் படாத, பளபளப்பான தொழிற்சாலை நீலம்.

இடப்பக்கம் சுரண்டினேன். நான்கு துளைகள், அடைத்துத் தேய்த்து மேலே பெயின்ட் அடித்தது. ஆரின் காரில் தட்டு இருக்கும் அதே இடம். அளந்தேன். மறுபடி அளந்தேன்.

முதல் கோடையிலேயே சூட்டில் பேட்டரி கொதித்திருக்கும். வாங்கியவர்கள் அவரவர் ஊர் மெக்கானிக்கிடம் சொல்லி வலப்பக்கம் மாற்றியிருப்பார்கள். ஆரின் மாற்றவில்லை. பின்னால், போலி என்று ஆன காரைத் திருத்த யாரும் மெனக்கெடவில்லை. நான் போலி என்றதால் அது அசலாகவே இருந்துவிட்டது.

வில்மாவிடம் சொல்லவில்லை. கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 5

1986-இல் பார்த்த, புதுப்பிக்காத மற்ற மூன்று கார்களின் உரிமையாளர்களுக்கும் கடிதம் போட்டேன். என் ஒரு காரை மட்டும் வைத்து முடிவு கட்டினால் பழைய தவறையே திருப்பிச் செய்ததாகும்.

ஏப்ரல் 21

ஒஹையோவிலிருந்து பதில்: தட்டுக்கு அடியில் பச்சை. கென்டக்கி: அடியில் மஞ்சள். மூன்றாமவர் தன் காரை யாரும் துளைக்க முடியாது என்று எழுதியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல நான் யார்.

ஏப்ரல் 23, சனி

மெர்லிடம் காட்டினேன். நீலத்தை வெகுநேரம் பார்த்தான்.

“சரி. பாத்தாச்சு. திருப்பி ஒட்டிடு.”

“மெர்ல், அந்த மனுஷன்...”

“அவர் போயிட்டார்யா. இப்ப நீ வாயத் தொறந்தா யாருக்கு லாபம்? பதினோரு பேர் தலைல கல்லு. ஒன்ன இனி எவன் நம்புவான்?”

“உனக்கு முன்னாடியே தெரியுமா?”

கேட்டிருக்கக் கூடாது. முப்பது வருஷத்தில் அவன் என்னை அப்படிப் பார்த்ததில்லை. “நான் தட்டு விக்கிறவன். நீ சொன்ன பக்கத்துக்குச் செஞ்சேன்,” என்றான். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான்.

தெரிந்திருக்குமோ? தெரியாது. இனி தெரியப் போவதுமில்லை.

மே 2

அறிக்கையை ஏழாவது முறை எழுதுகிறேன். “இருக்கலாம்” என்ற சொல் மூன்று இடத்தில் வருகிறது. 1994 அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். அதில் ஒரு “இருக்கலாம்”கூட இல்லை.

மே 7, சனி

சங்கக் கூட்டம். தீயணைப்பு நிலைய அரங்கு, ஐம்பது பேர் இருக்கும். டார்லா பின்வரிசையில், அப்பாவின் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு. நின்றுகொண்டு வாசித்தேன். இரண்டாம் பக்கத்தில் நிறுத்தினேன். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள்.

“அப்ப எங்க காரெல்லாம் போலியா?” என்று ஒருவர் கத்தினார்.

“கார் அசல். தட்டுதான் பின்னால வெச்சது. தப்பு கார்ல இல்ல, என் ஒன்பதாம் பக்கத்துல.”

“இத்தன வருஷமா எங்கள வலப்பக்கமாவே அலைய விட்டியே வாத்தியாரே,” என்றது இன்னொரு குரல். சிலர் சிரித்தார்கள். மெர்ல் சிரிக்கவில்லை.

ஆரினை நீக்கிய தீர்மானத்தை ரத்து செய்ய வாக்கெடுத்தார்கள். ஆதரவு முப்பத்தொன்று, எதிர்ப்பு பதினான்கு. நிறைவேறியது.

வாசலில் டார்லாவிடம் மன்னிப்புக் கேட்டேன். சொல்ல நினைத்திருந்த மூன்று வாக்கியங்களில் ஒன்றுதான் வந்தது.

“சரி சார்,” என்றாள். கொஞ்சம் போய்த் திரும்பி, “அந்தத் தட்ட நீங்க பதினேழு வருஷம் முன்னாடி கழட்டியிருக்கலாம்,” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

கழற்றியிருக்கலாம்.

ஜூன் 11

மெர்ல் இடப்பக்கத் தட்டு செய்து விற்க ஆரம்பித்துவிட்டான் என்று கேள்வி. கூடவே கோணல் தகரமும், மெழுகுப் பென்சில் எண் உட்பட. இனி எல்லாக் கார்களும் ஆரினின் காராகிவிடும். கையேட்டின் புதுப் பதிப்பில் இதை எப்படிப் பிரித்தறியச் சொல்வது என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன்.

ஜூன் 18, சனி

கவுண்டித் திடலில் ஆண்டுக் காட்சி. வெயில், லேசான காற்று. டார்லா தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தாள்.

அசலிலிருந்து விலகிய ஒவ்வொன்றுக்கும் நடுவர்கள் புள்ளி கழிப்பது வழக்கம். சொந்தக் காருக்கு யாரும் நடுவராக இருப்பதில்லை. ஆனால் பெரிய என்ஜின் பிரிவுக்கு நடுவர்கள் மெர்லும் நானும் மட்டும்தான், தாளில் இரண்டு கையெழுத்து வேண்டும். என் கார் முன் வந்ததும் மெர்ல் பேனாவை மூடிக்கொண்டு, “நீயே எழுது,” என்றான்.

எழுதினேன். ஸ்டக்கி கார்: பேட்டரி, கழிவு இல்லை. என் கார்: பேட்டரித் தட்டு வலப்பக்கம், தொழிற்சாலை வேலை அல்ல, நான்கு புள்ளி கழிவு.

மெர்ல் வாங்கிப் படித்தான். “நாலா? மூணுதான்யா வழக்கம்.”

“நாலு.”

கையெழுத்துப் போட்டான். கீழே நானும் போட்டேன். எழுத்து நடுங்கியிருக்கிறது, ஆனால் படிக்க முடிகிறது.