மாமி எடுத்துவிட்ட சேமலாப நிதி

ஜூலை 9, புதன்

அப்பாவின் அக்காவை, என் மாமியை, இன்று சிலாபத்துத் தொழில் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். கலியாணமாகாதவர். இறால் தொழிற்சாலையில் மூன்று வருடம், அவ்வளவுதான் வேலை. வயதான காலத்துக்கு சம்பளத்தில் பிடித்த அந்தச் சேமலாப நிதியாவது கிடைக்கட்டுமே என்று நினைத்தேன். மாமி வேண்டாமென்றார், நான் விடவில்லை.

"கலியாணத்துக்கு வேலைய விடுற பொம்பிளையள் முழுக் காசையும் எடுக்கலாம். நீங்களும் கலியாணம் முடிக்க எண்டு அப்பவே எடுத்திட்டீங்களே. இனி ஒண்டும் இல்ல," என்றார் எழுதுவினைஞர்.

"மாமாவ எந்த அலுமாரிக்குள்ள பூட்டி வச்சிருக்கீங்க, மாமி?" என்றேன். மாமி சிரிக்கவில்லை.

பஸ்ஸில் சொன்னார். வேலையை விட்டு, அந்தக் காசில் சீதனக் கட்டிலும் வாங்கிய பிறகு மாப்பிள்ளை மாட்டேன் என்றாராம். நடக்காத கலியாணத்துக்காக ஓய்வுக்காலக் காசு போனால் அது எந்தச் சட்டம்? எனக்கு விளங்கவில்லை.

"ஆள் ஆரு, மாமி?"

"நேத்தும் உன்ர அப்பாவோட இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனான்."

நேற்று வந்தவர்கள் மூன்று பேர். மூவருக்கும் மாமிதான் ஊற்றிக் கொடுத்தார்.