முத்திரை ஒட்டிய விண்ணப்பம்

குருநகர்
திங்கட்கிழமை

என் அன்பு மகன் ஜெயசுதனுக்கு அப்பா எழுதுவது. அந்தக் குளிர் நாட்டில் நீ சுகமாய் இருக்க வேண்டும் என்று எங்கள் கோயில் புனித யாகப்பரை மன்றாடிக்கொண்டு தொடங்குகிறேன், நாங்களும் இங்கே சுகம், அம்மாவின் முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நீ யோசிப்பாய். போனில் கதைத்தால் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் வந்து குந்திவிடுவா, எனக்கோ அவவைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது.

போன கிழமை எனக்கு ஒரு கடிதம் வந்தது. சாவகச்சேரியில் புதிதாகத் திறக்கிற படகு எஞ்சின் திருத்தும் பட்டறைக்கு மேற்பார்வையாளர் வேலை கேட்டு நான் அனுப்பிய விண்ணப்பம் கிடைத்ததாம், செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு நேர்முகத்துக்கு வரட்டாம். நான் எங்கே அனுப்பினேன்? இருபத்தாறு வருஷமாக மீனவர் சங்கத்து ஸ்ரோரில் கயிறும் நட்டும் எடுத்துக் கொடுத்துக்கொண்டு, அறுபது வயது வரைக்கும் யாரும் அசைக்க முடியாத கதிரையில் இருக்கிறவன் நான். இது யாரோ என்னைக் கிளப்பப் பார்க்கிற வேலை என்றுதான் நினைத்தேன். யார் என்று மண்டையை உடைக்கத் தேவையில்லை, கொலின்ஸ்தான். எனக்கு அடுத்த ஆள் அவன், நான் எழும்பினால் கதிரை அவனுக்கு. அந்தக் கிழமை முழுக்கத் தேத்தண்ணியோடு பணிஸும் கொண்டுவந்து வைத்து, அண்ணை, நீங்கள் நல்லாக் களைச்சுப்போனியள், வேறை ஏதும் பாக்கலாமே என்றான். பதினொரு வருஷத்தில் ஒரு மிடறு தண்ணீர் தராதவன்! பணிஸைப் பிய்த்துக் காகத்துக்குப் போட்டேன்.

ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்கிறதென்று சனிக்கிழமை பஸ் ஏறிச் சாவகச்சேரிக்குப் போனேன். அங்கே கந்தோரில் இருந்த ஜெயகௌரி என்ற பிள்ளையிடம், என் பெயரில் யாரோ கள்ள விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள், எடுத்துக் காட்டு என்று கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டேன். அவள் பைலைத் திறந்து முன்னால் வைத்தாள். மகன், அது என் கையெழுத்து. தை மாதம் பேப்பரில் விளம்பரத்தைக் கண்ட அன்றே நான் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, பிறகு துணிவு வராமல் அலுமாரியில் சேட்டுகளுக்குக் கீழே வைத்தது. அது அங்கேயே கிடக்கிறது என்ற நம்பிக்கையில்தான் இவ்வளவு துள்ளினேன். வெட்கத்தோடு வெளியே வந்தால், பட்டறை மேசையில் ஒரு எஞ்சினைக் கழற்றித் துண்டுகளை ஒழுங்கில்லாமல் பரப்பி வைத்திருக்கிறார்கள். கலியாணத்துக்கு முந்தி நான் செய்த வேலை இதுதானே, என்னையறியாமல் எடுத்து அடுக்கத் தொடங்கிவிட்டேன். ஐயா, உங்களைச் செவ்வாய்க்கிழமையெல்லோ வரச்சொன்னது என்று அந்தப் பிள்ளை சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டேன், கேட்டேன் என்ன, கத்தினேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தவ நிமிர்ந்தும் பார்க்கவில்லை. ஓம், நான்தான் தபாலிலை போட்டனான், முத்திரையும் ஒட்டியெல்லோ வைச்சிருந்தியள், அனுப்பாத கடிதத்துக்கு ஆர் முத்திரை ஒட்டுறது என்றா. சோறு வேண்டாம் என்றேன், அவ வற்புறுத்தவும் இல்லை.

பயம்தான் மகன், வேறு ஒன்றும் இல்லை. ஸ்ரோரில் எந்தத் தட்டில் எது என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன், ஆனால் காலையில் அந்தக் கதவைத் திறக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் வெளியிலேயே நிற்கிறேன். சாவகச்சேரிக்காரர் தருவது இரண்டு வருஷ ஒப்பந்தம், அது முடிந்தால் ஐம்பத்துநாலு வயதுக் கிழவனை யார் எடுப்பார்கள்? இருந்தாலும் பயம், போனாலும் பயம். இன்று லீவு கேட்டேன், காரணத்தையும் மறைக்காமல் சொன்னேன். கொலின்ஸ் ஓடிவந்து கையைப் பிடித்து, நல்லது அண்ணை, போயிட்டு வாங்கோ என்றான். நல்ல மனதோடுதான் சொன்னானோ என்னவோ, எனக்கு அவன்மேல் இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. நாளைக்கு நான் போகிறேன்.

இப்போது உன்னிடம் வருகிறேன், உன்மேலும் எனக்குச் சந்தேகம். ஒன்பது வருஷமாக அந்த ஹோட்டலில் துணி தோய்க்கிறாய். மாசி மாதம், மின்சார வேலை படிக்கப்போறன் அப்பா என்று துள்ளினாய், இரண்டு கிழமை போக, வேண்டாமப்பா, இது நிரந்தர வேலையெல்லோ என்றாய். அது உன் சொல் இல்லை, நீ பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து நான் உன் காதில் ஓதினது. உண்மையைச் சொல், அந்தப் படிப்பு பிடிக்காமல்தான் விட்டாயா, அல்லது நான் என் பயத்தையும் உன் பெட்டிக்குள் வைத்து விமானம் ஏற்றிவிட்டேனா?

ஈரச் சப்பாத்தோடு நில்லாதே, ஞாயிறு பூசையை விடாதே, மாதாவின் ஆசீர்வாதம் உன் தலைமேல் எப்போதும் இருக்கட்டும். பதிலைக் கடிதமாகவே எழுது. போனில் என்றால் சிரித்து மழுப்பிவிடுவாய், எனக்குத் தெரியும்.

உன் அப்பா,
ம. சந்தியோகு