றீற்றா அக்கா எங்களுக்கு யாருமில்லை என்று எழுதிக் கொடுத்தோம், அம்மா

போன இடத்திலும் எல்லாரையும் "சாப்பிட்டாச்சா" என்று கேட்டுக்கொண்டிருக்கும் என் அம்மாவுக்கு,

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். தம்பியைக் கனடா விசாவுக்கான மெடிக்கலுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். கொழும்புக்குப் போய் ரத்தம் கொடுத்து, நெஞ்சுப் படம் எடுத்து, திரும்பிப் பருத்தித்துறைக்கு வந்து நேற்றுப் போனில் கோல் எடுத்தான். "டொக்டர் எல்லாம் நல்லா இருக்கெண்டு சொன்னவர் அக்கா. இனிக் கெதியா வந்திடுவன்" என்றான். ஐம்பதை எட்டிப் பிடிக்கப் போகிற மனுசன், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளை மாதிரிச் சொன்னான். எனக்கு உடனே உங்களிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.

அவனுக்காக நீங்கள் எவ்வளவு அழுதீர்கள். உங்களை நான் மொன்றியலுக்கு ஸ்பொன்சர் பண்ணியபோது தம்பி குகனுக்கு வயது கூடிவிட்டது என்று சேர்த்து வர விடவில்லை. அதன் பிறகு கூடப்பிறந்தவர்களைக் கூப்பிட வழியில்லை என்றார்கள். "ரெண்டு பேரையும் ஒண்டாப் பாத்திட்டுத்தான் போவன்" என்று சொல்லிச் சொல்லியே, பார்க்காமல் போய்விட்டீர்கள்.

செத்தவீடு முடிந்த பிறகுதான் லோயர் ஒரு வழி இருக்கிறது என்றார். இந்த நாட்டில் துணையோ, பிள்ளையோ, தாய் தகப்பனோ, கூடப்பிறந்தவர்களோ, மாமன் மாமியோ ஒருவருமே இல்லாத ஆள், எந்த வயதிலும் உள்ள ஒரேயொரு உறவினரைக் கூப்பிடலாமாம். கலியாணம் வேண்டாம் என்று நான் பிடித்த பிடிவாதத்துக்கு எத்தனை வருசம் என்னைத் திட்டினீர்கள். கடைசியில் அது ஒரு காரியத்துக்கு உதவியிருக்கிறது.

ஆனால் அதுவரை குறுக்கே நின்றது நீங்கள்தானாம். நீங்கள் உயிரோடு இருந்தவரை எனக்கு ஒரு தாய் இருந்தார், ஆகவே நான் தனியாள் இல்லை. அதைக் கேட்டு லோயரின் மேசைக்கு முன்னாலேயே அழுதுவிட்டேன். உங்களைக் கொடுத்துத்தானா அவனை வாங்க வேண்டும்? இப்படி ஒரு சட்டத்தை எந்த மனுசர் இருந்து யோசித்தார்கள் அம்மா?

கியூபெக் மாகாணத்துக்கு ஒன்று, ஒட்டாவா அரசுக்கு ஒன்று என்று எல்லா விண்ணப்பங்களையும் நிரப்பினேன். அப்போதுதான் எங்கள் ஆட்கள் மட்டும் விடக்கூடிய பிழை ஒன்று நடந்தது. மரணச் சான்றிதழை அனுப்பியிருந்தால் போதும். ஆனால் நம்மவர்களுக்கு மரண அறிவித்தல் வந்தால்தானே ஒருவர் செத்தது உறுதியாகும். இணையத்தில் வந்த உங்கள் அறிவித்தலையும் மொழிபெயர்ப்பித்துக் கூடவே வைத்துவிட்டேன். அதில் உங்கள் படம் வடிவாக வந்திருந்தது, அதுவும் ஒரு காரணம்.

அந்த அறிவித்தலைச் சொல்லச் சொல்ல எழுதுவித்தது தம்பிதான். நான் அழுதுகொண்டிருக்க, அவன் போனில் வரி வரியாகச் சொன்னான். "றீற்றா, சாந்தி, குகன் ஆகியோரின் பாசமிகு தாயாரும் எண்டு போடுங்கோ அக்கா."

"றீற்றா அக்காவையும் பிள்ளையளோடயோ?" என்று கேட்டேன்.

"பின்ன? அம்மாவைக் குளிப்பாட்டித் தலை இழுத்து, சோறு தீத்தினது அவதானே. அவவை வேற எங்க போடுறது?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: றீற்றா அக்கா பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் இருப்பவர். மன்னார்க்காரி, கத்தோலிக்கர். நான் கார்தெரி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில் சமையல் வேலைக்குப் போய் வரும் வரை அம்மாவோடு இருந்தவர் அவர்தான். அம்மா அவரை மூத்தவள் என்றுதான் கூப்பிடுவார். எங்களுக்குள் ஒரு துளி ரத்த உறவு கிடையாது.

குடிவரவிலிருந்து கடிதம் வந்தது. உமக்குக் கனடாவில் றீற்றா என்றொரு சகோதரி இருப்பதாகத் தெரிகிறது, விளக்கம் தராவிட்டால் விண்ணப்பம் மறுக்கப்படும் என்று எழுதியிருந்தார்கள். தான் வரும் வழியைத் தன் வாயாலேயே அடைத்திருக்கிறான் உங்கள் மகன், பாவி.

லோயர் றீற்றா அக்காவிடம் சத்தியக் கடதாசி வாங்கச் சொன்னார். இறந்தவருக்கும் தனக்கும் எந்த உறவும் இல்லை, அயலவர் மட்டும்தான் என்று. அதைக் கேட்க மாடிப்படி ஏறினேன். உங்கள் செலவு வீட்டுச் சடங்குச் சமையலுக்குத் தேங்காய் துருவித் துருவிக் கை புண்ணான மனுசியிடம் போய் இதை எப்படிக் கேட்பது?

"அதுக்கென்னடி. தம்பி வரவேணுமெல்லே" என்றார் உடனே. பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "சத்தியம் எண்டா பொய் சொல்லக் கூடாது பிள்ளை. நான் ஃபாதரிட்ட ஒருக்காக் கேட்டுப்போட்டு வாறன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தார். "பெத்தது ஆர் எண்டு மட்டும்தான் கடதாசி கேக்குதாம். மற்றதைப் பற்றி அது ஒண்டும் கேக்கேல்லையாம். அதால பாவமில்லையாம்" என்றார். ஆனாலும் அவர் முகம் தெளியவில்லை.

ஜோன்-தலோன் வீதியில் சத்தியக் கடதாசி முடிக்கும் ஒரு கந்தோரில் அதை எழுதினோம். அங்கிருந்த பெண்பிள்ளை பிரெஞ்சில் வாசித்துவிட்டு, "இறந்தவர் உங்களுக்கு யாருமில்லை. சரிதானே மடாம்?" என்று கேட்டாள். அவள் வேலையை அவள் செய்தாள். றீற்றா அக்கா என்னைப் பார்த்தார். முதலில் "ஓம்" என்றார், பிறகு பிரெஞ்சில் ஒருமுறை சொன்னார். கையெழுத்தும் வைத்தார்.

வெளியே வந்து மெத்ரோ ரயில் வாசலுக்கு நடந்தோம். அங்கே நின்று, "அம்மா கோவிப்பாவோ சாந்தி?" என்று கேட்டார்.

"அம்மாதான் பேனையை எடுத்துத் தந்திருப்பா அக்கா" என்றேன். நான் சரியாகச் சொன்னேனா? தெரியவில்லை அம்மா. அவரைக் கட்டிப்பிடித்து அழ மட்டும்தான் என்னால் முடிந்தது. இன்றைக்கும் உங்கள் திதி நாளில் அவர் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் தொடுவதில்லை. அயலவர் மட்டும் என்றால் அதை என்னத்துக்குச் செய்கிறார்?

விளக்கத்தை ஏற்றுக்கொண்டார்கள். எத்தனையோ மாதம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, இப்போதுதான் மெடிக்கல் வரை வந்திருக்கிறது. இனி விசா வர வேண்டும்.

அடுத்த மாதம் உங்கள் திவசம். நினைவஞ்சலி அறிவித்தல் போட வேண்டும் என்றதும் றீற்றா அக்கா முந்திக்கொண்டார். "இந்த முறை என்ர பேரைப் போட்டிடாத. பிள்ளை வந்து இறங்கட்டும்." எனக்கு மனமே இல்லை. ஆனாலும் என்னுடைய பெயரையும் தம்பியுடைய பெயரையும் மட்டும் கொடுத்திருக்கிறேன். மூத்தவளை எங்கே காணவில்லை என்று தேடாதேங்கோ. கோபமென்றால் என்னோடு கோவியுங்கோ.

தம்பி வருகிற அன்று விமான நிலையத்துக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போவேன். பின்னுக்கு நிற்கப் பார்ப்பார், விடமாட்டேன். வெளியே வந்ததும் முதலில் யாரிடம் போக வேண்டும் என்று குகனுக்கு நேற்றே சொல்லிவிட்டேன். இந்தச் சத்தியத்துக்கு ஒரு கந்தோரும் தேவையில்லை அம்மா.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பெண்பிள்ளைகளில் இளையவள்,
சாந்தி