புதுசு கூண்டுக்குள் போன ஒரு மணி நேரம்

மார்ச் 3

என் அண்ணன் பெத்த தங்கத்துக்கு,

நடந்தது அத்தனையும் நான் முன்கூட்டியே சொன்னதுதான். நீ இதுகளை என்னிடம் விட்டுவிட்டு வெளியூர் வேலைக்குக் கிளம்பின அன்றே, "உன் மூணு கினிப்பன்றியோட நாலாவதா ஒண்ணு வந்து சேரும் பாரு" என்றேனா இல்லையா? சேர்ந்துவிட்டது. பக்கத்துக் கடை தையல்காரம்மா ஊரை விட்டே போகிறாள். தான் வளர்த்ததை என் கையில் கொடுத்து, "உங்களை விட்டா இதுக்கு யாருண்ணே?" என்று ஒரே அழுகை. பழுப்பு நிறம், கைக்குள் அடங்கும் உருவம். புதுசு என்று பெயர் வைத்தேன்.

பதினாலு நாள் தனி அறையில் வை, பிறகு பொது இடத்தில் விட்டுப் பக்கத்திலேயே இருந்து பழக்கு என்று நோட்டில் எழுதி வைத்தாயே, அதெல்லாம் படித்தவர்களுக்கு. எட்டாவதோடு நின்ற மூளை வேறு மாதிரி ஓடும். கொத்தமல்லியைக் கசக்கி நாலு முதுகிலும் தடவினேன். எல்லாருக்கும் ஒரே வாசனை. யார் பழசு, யார் புதுசு என்று எவள் கண்டாள்? கூண்டில் விட்டுவிட்டு நான் பாட்டுக்குக் கடைக்குப் போய்ச் சாவி வெட்டினேன். ஒரு மணி நேரம் கழித்து வந்தால், உன் மகாராணி புதுசின் நெற்றியை நக்கிக்கொண்டிருக்கிறாள்! பஞ்சும் கடுகும் தங்கள் முறைக்குக் காத்திருப்பதுபோல் பின்னால் நிற்கிறார்கள். தெருவே கைதட்டாத குறை.

உன் சாவிக்கடைச் சித்தப்பா

மார்ச் 9

அன்புள்ள சித்தப்பா,

போன வருஷம் கடுகு வந்தபோது காதைக் கிழித்தாளே, அதே மகாராணியா? உங்களைத் திட்டத்தான் பேனாவை எடுத்தேன். அதற்குள் என் அறைத்தோழி கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். அவளிடமும் இரண்டு கினிப்பன்றிகள் இருக்கின்றன. இப்போது ஒற்றைக்கண் குட்டி ஒன்றும் வந்திருக்கிறது. நோய் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் தனியாகக் கிடந்து ஏங்குகிறது. "உங்க சித்தப்பா செஞ்ச மாதிரியே செஞ்சிடலாம்டி" என்கிறாள். இருபத்திரண்டாம் தேதி காலையில் சேர்த்து விட்டுவிட்டு இரண்டு பேரும் வேலைக்குப் போகப்போகிறோம். ஒரு கடிகூட இல்லை என்பது நிஜம்தானே?

உங்கள் மகள்

மார்ச் 13

தங்கமே,

அவசரம் எதுக்கு? இங்கே கிடைக்கிற கொத்தமல்லி மணம் அங்கே வராது. என் கைராசியும் எல்லாருக்கும் அமையாது. இந்தக் கை தொட்டுத் திறக்காத பூட்டு உண்டா? அந்தப் பெண்ணை ஒரு மாசம் பொறுக்கச் சொல். புதுசு சௌக்கியம். நானும் சௌக்கியம்.

சித்தப்பா

மார்ச் 16

சித்தப்பா,

கொத்தமல்லி வாங்கியாச்சு. நான் கேட்டதற்குப் பதில் இல்லை. கடித்ததா, இல்லையா? ஒரு வரி போதும். இருபத்தொன்றுக்குள் ஒன்றும் வராவிட்டால், கடிக்கவில்லை என்றே எடுத்துக்கொண்டு கூண்டைத் திறப்போம். அந்தக் குட்டிக்கு மிச்சம் இருப்பது ஒரே கண்.

உங்கள் மகள்

மார்ச் 19, விரைவுத் தபால்

அம்மாடி,

திறக்காதீங்க. முதலில் அந்தப் பெண்ணிடம் அதைச் சொல்லிவிட்டு வந்து மிச்சத்தைப் படி.

நான் கடையிலிருந்து திரும்பினபோது புதுசு மூலையில் சுருண்டு கிடந்தது. மேல் உதடு கிழிந்திருந்தது. மகாராணி எதிரே நின்று பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தாள். நடுவில் கையை விட்டேன். கட்டைவிரலில் நாலு தையல். எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான், வயசானதால் இல்லை. புதுசு இப்போது என் கட்டிலுக்குப் பக்கத்தில் தனிப் பெட்டியில் இருக்கிறது. டாக்டர் கொடுத்த மாவைக் கரைத்து, ஊசியில்லாத குழாயால் வாயில் சொட்டு சொட்டாக விடுகிறேன். இன்று காலை தானாக ஒரு புல்லை மென்றது. அது மென்று முடிக்கிறவரை நான் மூச்சு விடவில்லை.

உன் நோட்டை இப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். பதினாலு நாள் என்று அடிக்கோடு வேறு போட்டிருக்கிறாய். வந்து உன் மூணையும் தூக்கிக்கொண்டு போனாலும் நான் ஏன் என்று கேட்க மாட்டேன்.

தையல்காரம்மா அழுதது நிஜம். கொத்தமல்லி நிஜம், ஒரு மணி நேரம் நிஜம். நெற்றியை நக்கியது மட்டும் நடக்கவில்லை, தங்கம். நடந்திருக்கக் கூடாதா என்று எழுதிவிட்டேன்.

சித்தப்பா