கஞ்சி போட்ட கல்யாணச் செண்டு

அன்புள்ள என்னங்க,

நம் வசந்தாவுக்கு வரன் அமைந்திருக்கிறது. முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளைக்கு வாலாஜாபாத்தில் அரிசி மில்லில் வேலை. பெல்பாட்டம் போட்டுக்கொண்டு பெண் பார்க்க வந்தார். நீங்கள் இருந்திருந்தால் அந்தக் கால் துணியில் இன்னொருவருக்குச் சட்டை தைக்கலாம் என்று காதோடு சொல்லியிருப்பீர்கள். பிடித்திருக்கிறதா என்று கேட்டால் "எனக்கு இன்னா தெரியும்" என்கிறாள் உங்கள் மகள். ஆனால் அன்றைக்கு முழுக்கப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுத வந்தது அதுவல்ல. வெட்கக்கேடான காரியம் ஒன்று செய்துவிட்டேன். உங்கள் படத்தின் பக்கம்கூடத் திரும்ப முடியவில்லை.

நம் கல்யாணச் செண்டு நினைவிருக்கிறதா? பிள்ளையார்பாளையத்தில் எல்லார் வீட்டிலும் மாலையும் செண்டும் ஆணியில் தொங்கி வாடியபின் குளத்துக்குப் போய்விடும். நீங்கள் மாலையை மட்டும் விட்டீர்கள். நான் கையில் பிடித்திருந்த செண்டைக் கொடுக்க மாட்டேன் என்று அடம்பிடித்தீர்கள். கஞ்சி போட்டால் தறியில் ஏற்றும் பாவு இழை விறைப்பாக நிற்கிறதே, பூ நிற்காதா என்று அதை அரிசிக் கஞ்சியில் முக்கி, தெருவில் பாவு காய்ந்த இடத்திலேயே காயவைத்தீர்கள். விறைப்பாகத்தான் நின்றது, எறும்பு வரும் வரைக்கும்.

"கஞ்சில முக்கி வெச்சா எறும்பு வராம வேற யாரு வருவாங்க?" என்று சிரித்தேன்.

"இரு மா, சரி பண்ணிடலாம்" என்றீர்கள்.

எறும்பு அரித்த இதழ்களைப் பிடுங்கிவிட்டு, தறியில் மிஞ்சிய பட்டு நூலைச் சுருட்டி அங்கங்கே கட்டினீர்கள். ரோஜா இருந்த இடத்தில் அரக்கு நூல், சம்பங்கி இருந்த இடத்தில் வெள்ளை. பூ உதிர உதிர நூல் ஏறியது. கடைசியில் காம்பும் அதைச் சுற்றிய சரிகையும்தான் கல்யாணத்தன்று இருந்தவை. அதை மிட்டாய்க் கடைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டுத் தறிக்கு மேலே பலகையில் வைத்தீர்கள். நீங்கள் போனபிறகு, தாலியே போயாயிற்று, இது எதற்கு என்று அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவ்வளவு வீம்பாக இருந்தவள்தான் நான்.

பெண் பார்க்க வந்த அன்று கூடத்தில் என் அண்ணன் எல்லாரையும் உட்காரவைத்துப் பேசினார். புருஷனை இழந்தவள் நல்ல காரியத்தில் முன்னால் வரக்கூடாது என்று நான் அடுக்களையிலேயே இருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா வீட்டைப் பார்க்க உள்ளே வந்தார். தறியைப் பார்த்தார். நிமிர்ந்து பலகையைப் பார்த்தார்.

"அது இன்னா மா, பாட்டில்ல?"

எங்கள் கல்யாணச் செண்டு என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? தாலி அறுத்தவள் வீட்டுச் செண்டா, இது ஆகாத வீடு என்று எழுந்து போய்விடுவாரோ என்று பயந்துவிட்டேன். "ஒண்ணுமில்லீங்க, பழைய குப்பை. தூக்கிப் போட மறந்துக்கினே இருக்கறேன்" என்றேன்.

"கல்யாணம் நடக்கப்போற வீட்ல குப்பைய வெச்சுக்கினு இருக்கலாமா? போட்டுடு மா" என்றார். நல்லதுக்குத்தான் சொன்னார். நான் பாட்டிலை இறக்கி, அவர் பார்க்கப் பார்க்கக் கொல்லைக் குப்பைமேட்டில் கவிழ்த்தேன். திரும்பினால் வசந்தா காபித் தம்ளரோடு நின்றிருந்தாள்.

அவர்கள் போனதும் ஓடிப்போய்ப் பார்த்தேன். மேட்டில் செண்டு இல்லை.

"என்கிட்டதான் இருக்குது" என்றாள் வசந்தா.

"குடு மா, தொடச்சு வெச்சிடறேன்."

"தர மாட்டேன். இன்னொருத்தர் வந்து கேட்டா மறுபடியும் குப்பைன்னு சொல்லுவ." பிறகு கேட்டாள்: "அப்பா படத்தக் காட்டி யாருன்னு கேட்டிருந்தா இன்னா மா சொல்லியிருப்ப?"

என்ன சொல்லியிருப்பேன்? பெற்ற பெண்ணின் எதிரில் இப்படிக் கூனிக்குறுகி நான் நின்றதில்லை.

மறுநாளே சம்மதம் என்று சொல்லியனுப்பினார்கள். பலகை காலியானதால் கிடைத்த சம்மதமோ என்று நினைக்கும்போது சோறு இறங்கவில்லை. வசந்தா என்னோடு பேசுகிறாள், ஆனால் முகத்தைப் பார்ப்பதில்லை. நேற்று நானே கேட்டுவிட்டேன். உள்ளதைச் சொல்லிவிடட்டுமா, சொன்னால் இந்தச் சம்பந்தம் கெட்டாலும் கெடும், உன் கல்யாணம், நீதான் சொல்லவேண்டும் என்றேன்.

அவள் கண் கலங்கியது. அவளுக்கு அந்தப் பையன்மேல் ஆசைதான். "சொல்லு மா" என்றாள்.

வெள்ளிக்கிழமை பூ வைக்க வருகிறார்கள். அன்றைக்கும் நான் உள்ளேயே இருக்கவேண்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டார். இருக்க மாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. அவள் தலையில் பூ வைக்கும் முன்னால் கூடத்துக்கு வந்து, அந்த அம்மாளின் எதிரே நின்று, குப்பை என்று நான் கொட்டியது என் புருஷன் எனக்காகக் கட்டிய செண்டு என்று சொல்வேன். உன் புருஷன் யார் என்று கேட்டால், இதுவரை நான் உச்சரிக்காத உங்கள் பெயரையும் என் வாயாலேயே சொல்வேன்.

இப்படிக்கு,
உங்கள் பெண்டாட்டி,
வசந்தாவின் அம்மா